மூன்றாவது வளைவு

சுவருக்குள் குழாய் இருக்கிறது என்றான் வீடு கட்டியவன்.
வரைபடம் தரவில்லை.
டிவிக்குப் பின்னால் ஒரு வாய்,
சாப்பாட்டு மேசைக்கு மேலே இன்னொரு வாய்,
நடுவில் எத்தனை முறை திரும்புகிறது என்பது
அவனுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள சங்கதி.

பூடோவில் ஜனவரி.
பதினொரு மணிக்கு ஜன்னலில் கொஞ்சம் நீலம் வரும்,
இரண்டுக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எஃகு நாடாவைத் தள்ளினேன்.
முதல் வளைவு வழிவிட்டது. இரண்டாவதும்.
மூன்றாவதில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது.
அரை மணி நேரம் தள்ளியதில்
என் கட்டைவிரல்தான் உரிந்தது.

"நகரு" என்றாள் யோருன்.
கப்பல் பட்டறையில் பதினெட்டு வருஷமாகக் கம்பி இழுப்பவள்.
பாலித்தீன் பையின் காதைக் கிழித்து
விரல்நுனி அளவு சுருட்டி
தூண்டில் நூலில் கட்டி
என் பக்கத்து வாயில் வைத்தாள்.
அந்தப் பக்கம் போய் வாக்குவம் கிளீனரைப் பொருத்தினாள்.
நூல் ஓடியது பார்,
சுவருக்குள் பெரிய காட் மீன் ஒன்று
தூண்டிலை விழுங்கிவிட்டு ஆழத்துக்குப் போகிற மாதிரி
கையில் ரீல் சூடேறியது.

நூலால் கயிறு, கயிற்றால் கம்பி.
கம்பியின் தலையில் முடிச்சுப் போட அவளே வந்தாள்.
என் முடிச்சை நம்பமாட்டாள்.
கூடவே உபரியாக ஒரு கயிற்றையும் வைத்து
டேப் சுற்றினாள்.
"அது எதுக்கு?"
"அடுத்த தடவைக்கு."

திரும்பிப் போனாள்.
நான் கம்பிக்குச் சோப்புத் தடவிக்கொண்டிருந்தேன்.
அவள் போன் அடித்தது.
குழாயில் நான் காதை வைக்கவில்லை.
பொய். வைத்தேன்.

ஸ்பீக்கர் வருவதற்கு முன்பே
அந்தக் குழாய் பேசிற்று:
'ஹம்மர்ஃபெஸ்ட். ஆமா, கையெழுத்துப் போட்டாச்சு.
மார்ச்லேர்ந்து.
இல்ல, ஆஸ்லாக்கிட்ட இன்னும் சொல்லல.'

பிறகு இழுத்தோம்.
இழு. நிறுத்து. தள்ளு.
அந்தக் குளிர்காலம் முழுக்க
நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

மூன்றாவது வளைவில் கம்பியும் நின்றது.
குனிந்து குழாயின் வாயில் கேட்டேன்:
"எத்தனை வருஷம்?"

கையிலிருந்த கம்பி தளர்ந்தது.
வாக்குவம் கிளீனரை நிறுத்தியாகிவிட்டது,
ஃபிரிட்ஜின் முனகல் மட்டும் குழாய் வழியாக வந்தது,
நிறைய நேரம்.

"ரெண்டு."
"…"
"வெள்ளிக்கிழமை விமானம் இருக்கு. ட்ரோம்ஸோவில் இறங்கி மாறணும்."
"டிக்கெட் என்ன விலைன்னு தெரியுமா?"
"தெரியும். பாத்து வச்சிருக்கேன்."
"…"
"சோப்பு போட்டியா?"
"போட்டேன்."
"இன்னும் கொஞ்சம் போடு."

போட்டேன்.
வந்துவிட்டது, ஒரே இழுப்பில்,
சளியில் பிறந்த கன்று போல வழுக்கிக்கொண்டு.

இரவு ஒரு செல்லோ இசைத்தட்டு வைத்தோம்.
பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் பாடின.
ஆனால் அடிநாதம் இல்லை.
செல்லோவை யாரோ சிறுபிள்ளைகளுக்கென்று
இளைக்கவைத்த மாதிரி,
எங்கிருந்து வருகிறதென்றும் சொல்லமுடியாமல்.

நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன்.
இடது ஸ்பீக்கரில் சிவப்புக் கோட்டுக் கம்பி கறுப்பில் இருந்தது.
பதினெட்டு வருஷத்தில் யோருன்
கூட்டலைக் கழித்தலில் பூட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.
எப்போது பூட்டினாள் என்று எனக்குத் தெரியும்.
மாற்றிப் போட்டேன்.
தரை அதிர்ந்தது. சோபாவின் நடுவில் வந்து
செல்லோ உட்கார்ந்தது.
"இப்ப சரி" என்றாள், புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல்.
பக்கம் திருப்பிய சத்தமே கேட்கவில்லை.

காலையில் டிவிக்குப் பின்னால் கை விட்டபோது
கம்பியோடு அந்த உபரிக் கயிறு தொங்கியது.
அதன் மறுமுனை சமையலறைப் பக்கம், கொக்கியில்,
அவள் முடிச்சோடு.
லேசாக ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கம் யாருமில்லை, அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.
முடிச்சு மட்டும் போய்
குழாயின் விளிம்பில் டக்கென்று முட்டியது.